ரிட்டயரான அப்பாவுக்குப் புது உத்தியோகம்!

மாதத்தின் கடைசி நாள் என்றால் எங்காவது ஓர் ஆபீசில் பிரிவு உபசார விழா நடக்கும். சந்தன மாலை, சால்வை, லட்டு, காராசேவு. "சாரைப் போல ஒருவர் இனி இந்த ஆபீசுக்கு வரப்போவதில்லை" என்று ஐந்து பேர் பேசுவார்கள். பிறகு காரில் ஏற்றி, வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். தெருவே எட்டிப் பார்க்கும். மனைவி ஆரத்தி எடுப்பார்.

அதோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. கதை மறுநாள் காலையில்தான் ஆரம்பமாகிறது.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள் நெடுங்காலம் 58 வயதில் ஓய்வு பெற்றார்கள். 2020-ல் அது 59 ஆயிற்று. 2021-ல் 60 ஆயிற்று. அத்தனை வருடம் கடிகாரத்தோடு ஓடிய மனிதர், மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து விடுகிறார். குளிக்கிறார். சட்டை போட்டுக்கொள்கிறார். போவதற்குத்தான் இடம் இல்லை!

சமையல் அறையில் தணிக்கை

முதல் நாள் பத்திரிகை படிப்பார். தலைப்பில் தொடங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர் பெயர் வரை படித்து முடிப்பார். மணி எட்டரைதான் ஆகியிருக்கும். இரண்டாம் நாள் வீட்டில் உள்ள கடிகாரங்களுக்கு நேரம் சரி செய்வார். மூன்றாம் நாள் சமையல் அறைக்குள் நுழைவார். தகராறு அங்கேதான் பிறக்கிறது.

"கடுகு ஏன் காப்பித்தூள் டப்பாவில் இருக்கிறது?"

"முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது."

"டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டினால் என்ன?"

"என்னங்க, எனக்குத் தெரியும். கடுகுக்கும் தெரியும். வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?"

பதில் இல்லை. ஆனாலும் அப்பா விடமாட்டார். எண்ணெய் எத்தனை நாளைக்கு வருகிறது? பகலில் ஏன் விளக்கு எரிகிறது? ஆபீசில் பைல் பார்த்த கண், வீட்டிலும் பைல் தேடுகிறது. மாமா வருவதைப் பார்த்தால் மருமகள் மின்விசிறியை நிறுத்துகிறார். தாத்தா வருவதைப் பார்த்தால் பேரன் கணக்கு நோட்டை ஒளிக்கிறான்.

இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. 35 வருடம் நாலு பேர் வந்து, "சார், இதை என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். இப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த வெறுமைதான் கடுகு டப்பா வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

சீனியர் யார்?

வீடும் ஓர் ஆபீஸ்தான். அங்கே அப்பா நேற்றுச் சேர்ந்த புது ஆள். அம்மாவோ 30 வருட சீனியர்!

அந்த ஆபீசில் லீவு கிடையாது. சம்பளம் கிடையாது. 60 வயது ஆகிவிட்டது என்று மாலை போட்டு அனுப்புகிறவர்களும் கிடையாது. இந்திய அரசு 2019-ல் ஒரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள், அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதாவது ஏறக்குறைய 5 மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம்தான் செலவிட்டார்கள். வீட்டு வேலையைத் தொடாத ஆண்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை!

அப்பா ரிட்டயரானதால் அம்மாவின் வேலை குறைந்ததா? கூடியது! முன்பு காலையில் டிபனும், கையில் சாப்பாட்டு டப்பாவும் கொடுத்து அனுப்பினால், சாயங்காலம் வரை மூச்சு விடலாம். இப்போது பதினொரு மணிக்கு ஒரு காப்பி. மூன்றரை மணிக்கு இன்னொரு காப்பி. "சும்மாதானே இருக்கிறோம், கொஞ்சம் பஜ்ஜி போடேன்" என்று ஒரு விண்ணப்பம். அங்கே சும்மா இருப்பது யார்?

ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு ஓவர்டைம் என்றால், அது குடும்பத்துக்குக் கிடைத்த ஓய்வு ஆகாது. கிடைத்த ஓய்வில் பாதியை அம்மாவுக்குக் கொடுப்பதுதான் அப்பாவின் புது உத்தியோகம்.

மார்க்கெட் பாடம்

புது ஆளுக்கு முதல் வேலை மார்க்கெட். பை கொடுத்து அனுப்பினால் அப்பா பெருமையோடு திரும்பி வருவார். "தக்காளி மலிவு! ஐந்து கிலோ வாங்கிவிட்டேன்!" வீட்டில் இருப்பது நாலு பேர். அந்த வாரம் தக்காளி ரசம், தக்காளித் தொக்கு, தக்காளிச் சட்டினி. மிச்சம் மாட்டுக்கு.

வெண்டைக்காய் என்றால் நுனி சட்டென்று ஒடிய வேண்டும். கத்தரிக்காய்க்குக் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தால் வளைந்து கொடுக்க வேண்டும். இவை எந்தச் சர்க்கார் ஆணையிலும் எழுதப்படவில்லை. அம்மாவிடம் கேட்டுத்தான் படிக்க வேண்டும். பென்சன் வாங்கும் வயதில் பாடம் படிப்பதில் வெட்கம் என்ன? இரண்டு மாதத்தில் அப்பாவே தேர்ந்துவிடுவார். பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு வெண்டைக்காய் பற்றிப் பிரசங்கம் செய்வார்!

கையில் வந்த பணம்

இனி, விளையாட்டு இல்லாத விஷயம்.

ரிட்டயராகும்போது பணிக்கொடை, சேமநல நிதி, விடுப்புச் சம்பளம் என்று பெரிய தொகை ஒரே சமயத்தில் கைக்கு வருகிறது. பென்சன் உள்ள அரசு ஊழியர் அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகவும் வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் மாதப் பென்சன் குறையும். 15 வருடம் கழித்துத்தான் முழுப் பென்சன் திரும்பும். ஆகவே அது லாட்டரியில் விழுந்த பணம் அல்ல. 75 வயது வரை சாப்பிட வேண்டிய சொந்தப் பணம் முன்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பணம் வந்த செய்தி காற்றில் பறக்கும். பத்து வருடம் எட்டிப் பார்க்காத உறவினர் இனிப்புப் பொட்டலத்தோடு வருவார். "அத்தான், ஒரு கம்பெனி இருக்கிறது. மாதம் 100-க்கு 10 ரூபாய் வட்டி!" என்பார்.

கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 10 ரூபாய் என்றால் வருடத்துக்கு 120 ரூபாய். ஒரு லட்சம் போட்டால் வருட வட்டி 1 லட்சத்து 20 ஆயிரம். முதலைவிட வட்டி அதிகம்! எந்த நேர்மையான வியாபாரத்தில் இவ்வளவு லாபம் வரும்? பின்னால் வருகிறவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்தால்தான் முடியும். புதிய ஆள் வருவது நின்றால், மறுநாள் கம்பெனிக் கதவில் பூட்டு. பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது; வழக்குப் போடலாம். ஆனால் பணம் திரும்புவதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004-ல் தொடங்கியது. தபால் ஆபீசிலும் பாங்கிகளிலும் சேரலாம். 5 வருடத் திட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும். 2023 முதல் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். பாங்கியில் போடும் பணத்துக்கும் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில் அது ஒரு பாங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் என்று உயர்த்தப்பட்டது.

எதில் போடுவதானாலும் முதலில் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "அவளுக்கு என்ன தெரியும்?" என்று நினைக்கக் கூடாது. மாதக் கடைசி வாரத்தை ஐந்நூறு ரூபாயில் ஓட்டியவர் அவர். 100-க்கு 10 வட்டி என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அவன் எங்கே இருந்து கொடுப்பான்?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும்.

பெட்டியில் இருக்கும் காகிதம்

பென்சன் சர்க்கார் கொடுக்கும் இனாம் அல்ல. உழைத்தவரின் உரிமை. நகரா என்பவர் தொடுத்த வழக்கில் 1982 டிசம்பர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அப்படித் தீர்ப்புக் கூறியது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த உழைப்புக்குப் பின்னால் தினமும் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்த கை ஒன்று உண்டு. ஆகவே பென்சன் காகிதம் எங்கே இருக்கிறது என்பது அந்தக் கைக்கும் தெரிய வேண்டும்.

பல வீடுகளில் தெரிவதில்லை. அப்பா கண்ணை மூடிய பிறகு, அம்மா பழைய இரும்புப் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறார். எந்தப் பாங்கி, என்ன எண், யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. அரசு ஊழியரின் மனைவிக்குக் குடும்பப் பென்சன் உண்டு. சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 100-க்கு 30 ரூபாய். மில், கம்பெனித் தொழிலாளிகளின் சேமநல நிதிப் பென்சனிலும் விதவைக்குப் பங்கு உண்டு. உரிமை இருந்தும் காகிதம் கிடைக்காமல் அலைவது கொடுமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். பென்சன் ஆணை, பாங்கிப் புத்தகம், இன்சூரன்ஸ், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட வேண்டும். அம்மாவின் பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரே இன்னும் இருக்கக்கூடும்!

வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க அவசரம் வேண்டாம். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், "பெற்றோர் இருவரையும் கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். பிள்ளை கைவிட்டால், 2007-ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யும்படி கேட்கலாம்.

பத்து மணிக்கு எங்கே போவது?

இதெல்லாம் ஆன பிறகும் பகல் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் தெருவில் எத்தனையோ பேருக்கு மனு எழுதத் தெரியாது. பட்டா மாற்றம், சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று எதற்கும் பாரம் நிரப்ப ஆள் தேடுகிறார்கள். ஆபீஸ் பழக்கம் உள்ள ஒருவர் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மறுபடியும் நாலு பேர் வந்து, "சார், இதை என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். கடுகு டப்பா பிழைத்துக்கொள்ளும்!

மாலையில் அம்மாவோடு சேர்ந்து கோவிலுக்கோ பூங்காவுக்கோ ஒரு நடை. வாரத்தில் ஒரு நாள் அம்மாவுக்குச் சமையல் அறையில் லீவு. அன்று அடுப்பு அப்பாவின் பொறுப்பு. ரசத்தில் உப்பு கூடலாம். சாதம் குழையலாம். வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் தவறு செய்தால், சீனியர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பது எந்த ஆபீசிலும் வழக்கம்தானே!