எட்டும் உயரத்தில் ஒழுங்கு

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒழுங்கைக் காக்க, அதட்டலைவிட ஏற்பாடே அதிகம் உதவும். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பெருக்குவதும் துடைப்பதும் கை கழுவுவதும் பாடங்களாயின. பொருள்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டன. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்கும் அவர் இம்முறையில் பயிற்சி அளித்தார். வீட்டுக்கும் இது பொருந்தும். கொக்கி தாழ்வாக இருந்தால் நான்கு வயதுப் பிள்ளை பையைத் தானே மாட்டிவிடும். பொம்மைகள் குறைவாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் நிலையான இடமும் இருந்தால் எடுத்துவைப்பது எளிது. சாப்பிட்டதும் தட்டைத் தொட்டியில் போடுவதுபோல, ஒவ்வொரு வேலையையும் அன்றாடச் செயலொன்றோடு இணைத்தால் நினைவூட்டத் தேவையிராது. பிள்ளை அரைகுறையாகப் பெருக்கிய இடத்தை அதன் கண்முன்னே பெரியவர்கள் மறுபடி பெருக்காதிருந்தால் ஆர்வமும் குன்றாது.