ஓடாத வண்டிக்கும் வயதாகிறது

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், வாங்க நினைப்பவர்களும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

பணி ஓய்வு பெற்றபோது ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினேன். இரண்டாம் கை வண்டி, 7 வருடம் ஆனது. மீட்டரில் 31,000 கிலோமீட்டர்தான். "டாக்டர் வீட்டு வண்டி சார், ஓடவே இல்லை" என்றார் விற்றவர். எனக்கும் அதில் பெருமை. ரேஷன் கடை, பேங்க், கோயில், மாதம் ஒருமுறை மகள் வீடு. அதற்கு மேல் நானும் ஓட்டவில்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் தெரு மெக்கானிக் சொன்னார்: "சார், டைமிங் பெல்ட் மாத்திடலாம். வருஷம் ஆயிடுச்சு." நான் கேட்டேன்: "தம்பி, 40,000 கூட ஓடலையே, எதுக்கு?" அவர் மேலே பேசவில்லை. பில்லை ஏற்றப் பார்க்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். இன்று அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் பேத்தியின் காதுகுத்துக்குப் போகும் வழியில், திண்டுக்கல் தாண்டி நாற்கரச் சாலையில் எஞ்சின் சட்டென்று நின்றது. சத்தம் இல்லை, புகை இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. பின்னால் லாரி ஹாரன். பக்கத்தில் என் மனைவி. எப்படியோ ஓரம் கட்டினேன். பெல்ட்டின் பற்கள் பிய்ந்து, வால்வுகள் வளைந்துவிட்டன. செலவு என் ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். பெல்ட்டை முன்பே மாற்றியிருந்தால் அதில் சிறு பங்குதான் ஆகியிருக்கும்.

அந்தப் பெல்ட் என்ன செய்கிறது? எஞ்சினின் கீழே கிராங்க், மேலே கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், திறந்த வால்வு திறந்தபடியே இருக்கும். பிஸ்டன் மேலே வந்து அதில் இடிக்கும். சில எஞ்சின்களில் இடைவெளி இருப்பதால் இடிக்காது, வண்டி நிற்பதோடு போய்விடும். ஆனால் இடிக்கும் எஞ்சின்கள் நிறைய.

என் கருத்து இதுதான்: டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டரை மட்டும் பார்த்து மதிப்பிடக் கூடாது, கண்ணால் பார்த்தும் மதிப்பிடக் கூடாது. தேதியைப் பார்க்க வேண்டும்.

ரப்பர் எஞ்சின் சூட்டில் இறுகுகிறது. வண்டி ஷெட்டில் நின்றாலும் வருடங்கள் அதற்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். சிக்னலில் எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் நின்றால் பெல்ட் சுற்றுகிறது, மீட்டர் சுற்றுவதில்லை. அதனால்தான் வண்டியோடு வரும் புத்தகத்தில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருக்கிறார்கள். நான் முதல் பாதியை மட்டும் படித்தேன். பிள்ளைகள் கேள்வியைப் பாதி படித்து விடை எழுதினால் மதிப்பெண் குறைத்தவன் நான்.

"கவரைக் கழற்றிப் பார்த்தோம், நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பல்லின் அடியில் விரிசல், ஓரத்தில் நூல் பிரிதல், பளபளப்பு, எண்ணெய்க் கசிவு தெரிந்தால் உடனே மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒன்றும் தெரியாததால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. இப்போதைய பெல்ட்டுகள் வெளியே விரிசல் காட்டாமலே பலம் இழக்கின்றன. வெளியே தெரிவது ஃபேன் பெல்ட். அது தளர்ந்தால் கீச்சிட்டுச் சொல்லிவிடும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எதுவும் சொல்லாமல் போகும்.

சில டொயோட்டா டீசல் வண்டிகளில் "டி-பெல்ட்" என்று ஒரு விளக்கு எரியும். அதுவும் பெல்ட்டைச் சோதித்து எரிவதில்லை, கிலோமீட்டரை எண்ணி எரிவது.

எல்லா வண்டியிலும் பெல்ட் இல்லை. ஹூண்டாய் ஐ10 காரிலேயே 1.1 லிட்டர் எஞ்சினில் பெல்ட், 1.2 லிட்டர் கப்பா எஞ்சினில் செயின். எனவே உங்கள் வண்டியில் எது என்று முதலில் கேளுங்கள். செயின் என்றால் ஆயிலைக் காலத்தில் மாற்றுவதே அதற்குப் பாதுகாப்பு.

பெல்ட் என்றால்:

1. எண்ணெயும் கூலண்டும் அதன் மேல் படக் கூடாது. சீல் கசிந்தால் தள்ளிப் போடாதீர்கள். "வழுக்கட்டும்" என்று கிரீஸ் தடவவே கூடாது.

2. பெல்ட் மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர் பேரிங்கையும் மாற்றுங்கள். அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்து. பழைய பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் போகும்.

3. மாற்றிய பின், ஸ்டார்ட் செய்யும் முன், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

4. ஓட்டத்தில் எஞ்சின் நின்று, மறுபடி சாவி போடும்போது வழக்கத்தைவிட லேசாகச் சுற்றினால் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். சேதம் கூடும்.

5. பழைய வண்டி வாங்கினால், பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவை விலையில் பேசிக் குறையுங்கள்.

"என் வண்டியில் 12 வருடம் ஓடியதே" என்று ஒருவராவது கீழே எழுதுவீர்கள். மகிழ்ச்சி. அது உங்கள் அதிர்ஷ்டம். அதை மற்றவருக்கு ஆலோசனையாகச் சொல்லாதீர்கள்.

மெக்கானிக் ஏமாற்றுவார் என்ற பயமும் நியாயமே. அதற்கு மறுப்பது வழியில்லை. புத்தகத்தைத் திறந்து ஆண்டுக் கணக்கைப் பாருங்கள், மாற்றியபின் பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும்.

நான் அந்த மெக்கானிக்கிடம் போய், "தம்பி, அன்னைக்கு நீங்க சொன்னது சரி" என்றேன். சிரித்தார். புதுப் பெல்ட் போட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதி பானட்டின் உள்ளே ஒட்டிக் கொடுத்தார்.

உங்கள் வண்டியில் அந்தத் தேதி என்ன? இன்றே பார்த்துவிட்டு எழுதுங்கள்.