காத்திருக்கச் சொல்வது யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசிவிட்டு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் ஒரு தோழர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தோழர், தப்பா நினைக்காதீங்க. அம்பேத்கரைப் பத்தி இவ்வளவு பேசுறீங்க. ஆனா ஞாயித்துக்கிழமையானா பூசைக்கும் போறீங்க. பொறுமையா காத்திரு, கடவுள் பார்த்துக்குவார்னுதானே அங்க சொல்லித் தர்றாங்க? நம்மள அடங்கி இருக்கச் சொல்றதுதானே அது?"

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது எனக்கே திருப்தியாக இல்லை. அந்தத் தோழருக்கு நான் தர வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தோழர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை.

நான் பிறந்தது வட தமிழகத்தில் ஒரு கிறிஸ்தவக் கிராமம். ஊரும் கத்தோலிக்கர்கள், காலனியும் கத்தோலிக்கர்கள். ஒரே கோயில், ஒரே சாமியார், ஒரே ஞானஸ்நானத் தொட்டி. ஆனால் கல்லறை மட்டும் இரண்டு. நடுவில் சுவர். ஊர்க்காரர் இறந்தால் பங்குக்குச் சொந்தமான தூம்பாப் பெட்டியில் வைத்து, பெரிய தெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். காலனியில் இறந்தால் அந்தப் பெட்டி வராது, அந்தத் தெருவும் கிடையாது. பாடை கட்டி, வயல் வரப்பு வழியாகத் தூக்கிப்போக வேண்டும். என் தாத்தாவை ஓர் ஐப்பசி மாதத்தில் முழங்கால் சேற்றில் இறங்கித் தூக்கிப்போனார்கள். தூக்கியவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகு என் ஆயா, பங்குக்கு வந்த ஒவ்வொரு சாமியாரிடமும் போய் அந்தத் தெருவைக் கேட்டார். சாமியார்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். எனக்குப் பத்து வயது இருக்கும். அந்தச் சாமியார் நல்லவர்தான், குரலை உயர்த்தாமல் பேசினார். "பொறுமையா இரும்மா. ஊர்ல பிரச்சினை வேண்டாம். ஆண்டவருக்குக் காத்திரு, அவர் வழி காட்டுவார்."

ஆயா சொன்னார்: "ஆண்டவருக்குக் காத்திருன்னா காத்திருப்பேன் சாமி. நீங்க ஊர்க்காரங்களுக்கில்ல காத்திருக்கச் சொல்றீங்க."

அன்று எனக்கு அது விளங்கவில்லை. இன்று நான் சொல்ல வருவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. கடவுளுக்குக் காத்திருப்பது வேறு, மனிதர்கள் நம்மைக் காக்க வைப்பது வேறு. முதலாவதன் பெயரைச் சொல்லி இரண்டாவதை நம் தலையில் கட்டியதுதான் இங்கே நடந்த மோசடி.

இந்தக் காக்க வைத்தல் எங்கள் ஊரோடு முடிவதில்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து மதம் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியர்களுக்காகவும் 1990இல் பௌத்தர்களுக்காகவும் அது திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். அதனால்தான் ஆகஸ்ட் 10ஐ அவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

சூசை வழக்கை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த தொழிலாளி அவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. இவர் கிறிஸ்தவர் என்பதால் இவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் அவருடைய மனு தள்ளுபடியானது. அதே வெயில், அதே நடைபாதை, அதே ஊசி. ஆனால் ஆதாரம் இல்லை!

2004இல் மீண்டும் வழக்குத் தொடரப்பட்டது. பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். இரண்டு ஆண்டுக் கெடு முடிந்ததும் கெடுவை நீட்டித்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசை வலியுறுத்தியது. 75 ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்குப் பெயர் பொறுமை என்றால், அந்தப் பொறுமையால் லாபம் அடைந்தது யார்?

திருச்சபையும் இதில் தப்பிக்க முடியாது. 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அதற்காக அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணம் வெளியிட 2016 டிசம்பர் வரை ஆனது. சாதிப் பாகுபாடு பாவம் என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டது. எத்தனை கல்லறைச் சுவர்கள் அந்தக் காகிதத்துக்காக இடிந்தன?

இவ்வளவும் தெரிந்தும் ஏன் காத்திருக்கிறேன்?

எங்களுக்குப் பொறுமையைப் போதிக்க அதிகம் எடுத்தாளப்படும் பகுதிகளில் ஒன்று யாக்கோபு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரம். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவனைப் போலப் பொறுமையாக இருங்கள் என்கிறது அது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் அந்த வசனத்துக்குச் சற்று மேலே இருப்பதையும் சேர்த்து வாசித்தேன். வயலில் அறுத்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றிய பணக்காரர்களைப் பார்த்து, அந்தக் கூலியே உங்களுக்கு எதிராகக் கூக்குரல் இடுகிறது, கடவுள் காதில் அது விழுந்துவிட்டது என்று எச்சரிக்கிறார் யாக்கோபு. அதைச் சொல்லி முடித்த பிறகுதான், கூலி இழந்தவர்கள் பக்கம் திரும்பிப் பொறுமையாக இருங்கள் என்கிறார். ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை ஏன்டா எந்தச் சாமியாரும் பூசையில படிக்கல?"

அந்த உழவனையும் யோசித்துப் பாருங்கள். மழைக்குக் காத்திருக்கும் உழவன் சும்மாவா உட்கார்ந்திருக்கிறான்? உழுதிருக்கிறான், விதைத்திருக்கிறான், வரப்பை அணைத்திருக்கிறான். தன் கையில் இருந்த வேலை அத்தனையும் முடித்துவிட்டு, தன் கையில் இல்லாத ஒன்றுக்குத்தான் வானத்தைப் பார்க்கிறான். உழாதவன் மழைக்குக் காத்திருப்பதைப் பொறுமை என்று யாரும் சொல்வதில்லை.

லூக்கா நற்செய்தியில் இயேசு சொன்ன ஒரு கதை உண்டு. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவனிடம் நியாயம் கேட்டு ஒரு விதவை திரும்பத் திரும்பப் போகிறாள். தொல்லை தாங்காமல் கடைசியில் அவன் நியாயம் வழங்குகிறான். மனந்தளராமல் வேண்டுவது எப்படி என்று காட்ட இயேசு எடுத்துக்கொண்டது இந்தப் பெண்ணைத்தான். கிறிஸ்தவம் சொல்லும் காத்திருப்புக்கு முகம் கொடுக்கச் சொன்னால், கண்ணை மூடி முழங்காலிட்டிருக்கும் ஒருவரை நான் வரைய மாட்டேன். ஒரே கதவை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை வரைவேன். அவள் முகம் என் ஆயாவின் சாடையில் இருக்கும்.

1963இல் பர்மிங்காம் சிறையில் மார்ட்டின் லூதர் கிங் இருந்தபோது அவருடைய போராட்டத்தைக் குறை கூறி அறிக்கை விட்டவர்கள் மதகுருமார் 8 பேர். இது நேரமல்ல, பொறுமை காக்க வேண்டும் என்பதே அவர்கள் வாதம். தம் மக்கள் 340 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்ததைச் சிறையிலிருந்தே எழுதிய கடிதத்தில் கிங் நினைவூட்டினார். அவரும் ஒரு போதகர்தான். இருவரும் வாசித்தது ஒரே பைபிள். காக்க வைப்பவன் கையில் அது பூட்டு, காத்திருப்பவன் கையில் அதுவே சாவி.

அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். இந்துவாகச் சாக மாட்டேன் என்று இயோலாவில் அவர் அறிவித்தது 1935 அக்டோபரில். நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபரில். நடுவில் 21 ஆண்டுகள். அவர் கடவுளுக்குக் காத்திருக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் வாசித்தார், விவாதித்தார், அமைப்புகளைக் கட்டினார், அரசியல் சட்டம் எழுதினார், தம் மக்களைத் தயார்ப்படுத்தினார். அதை யாராவது அடங்கிக் கிடந்தது என்பார்களா?

இடையில் சில ஆண்டுகள் நான் கோயிலுக்கே போகவில்லை. கோபம்தான் என்னை ஓட்டியது. கோபம் தேவை. ஆனால் ஒவ்வொரு மனுவும் திரும்பி வந்தபோது, ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் முறிந்தபோது, நான் முதலில் வெறுத்தது என் சொந்த ஜனங்களைத்தான். "இவங்க திருந்த மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போவதையே நிறுத்தினேன். நாற்பது வருடம் அதே கதவைத் தட்டிய ஆயா சலித்துக்கொள்ளவில்லை. ஊர்க்காரன் மறுத்தாலும் கடவுள் மறுக்கவில்லை என்று அவர் நம்பினார். அதனால் ஊர்க்காரனின் மறுப்பு அவரைச் சிறுமைப்படுத்தவில்லை. உங்களுக்குக் கடவுள் வேண்டாம் என்றால் வேண்டாம், தோழர்களே. ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும்போதும் உங்களைத் தொடர்ந்து நிற்க வைப்பது எது என்று ஒருநாள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிவரும். எனக்கு அது ஆயாவிடமிருந்து வந்தது.

ஆயா இறந்த அன்று நாங்கள் வரப்பில் இறங்கவில்லை. பெரிய தெரு முனையில் பாடையை இறக்கி வைத்தோம். எதிரே ஊர்க்காரர்கள் திரண்டார்கள். போலீஸ் வந்தது, பிறகு அதிகாரிகள் வந்தார்கள். "இந்த ஒரு தடவை வயல் வழியா போயிடுங்க, அடுத்த தடவை பேசிக்கலாம்" என்றார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு முறை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் என் வாயிலும் அந்தச் செபம் வந்தது. பொழுது சாயும் நேரத்தில் வழி விட்டார்கள். ஆயா பெரிய தெரு வழியாகக் கோயிலுக்குப் போனார்.

கல்லறைச் சுவர் இன்னும் நிற்கிறது. சாமியார் மாறிவிட்டார். போன மாதம் காலனிப் பெண்கள் புதியவரைப் பார்க்கப் போனார்கள். நானும் கூடப் போனேன். யோசிக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.