ஓய்வுக்காலமும் ஒரு பாத்தி மண்ணும்

“வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் ஊருக்குப் போய்விட வேண்டும். சிறிது நிலம் வாங்கி, காய்கறி பயிரிட்டு நிம்மதியாக வாழ வேண்டும்.” சிங்கப்பூரில் வாழும் தமிழ் முதியோர் பலரின் மனத்தில் இந்த ஆசை உண்டு. இது நல்ல ஆசைதான். ஆனால், மண்ணைத் தொட்டு வாழ்வதற்குக் குடும்பத்தை விட்டுக் கிராமத்திற்குத்தான் போக வேண்டுமா? அடுக்குமாடி வீட்டின் கீழே உள்ள ஒரு பாத்தி மண் போதாதா?

போதும் என்பதற்கு ஃபேரர் பார்க் போன்ற நெருக்கமான வட்டாரங்களே சான்று. ஒரு காலத்தில் இங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. அருகில் சிராங்கூன் சாலையை ஒட்டி மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. பஃபலோ ரோடு என்ற சாலைப் பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது. இப்போது இப்பகுதியில் கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஆயினும், இடவசதி குறைந்த இந்நாட்டில் செடி வளர்க்கும் வாய்ப்பு குறையவில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2016 முதல் பூங்காக்களில் தனிப் பாத்திகளையும் அது வாடகைக்கு விடுகிறது. ஒரு பாத்தியின் நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர். அதை மூன்று ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

“ஒற்றைக் கட்டில் அளவுள்ள இடத்தில் என்ன விளையும்?” என்று சிலர் கேட்கலாம். அதில் விளைவது ஒரு குடும்பத்திற்குப் போதாது என்பது உண்மையே. சிங்கப்பூர் தனக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டிற்கு மேல் இறக்குமதி செய்கிறது. ஒரு பாத்தி வெண்டைக்காய் இந்நிலையை மாற்றிவிடாது. ஆனால், பாத்தியின் பயனை விளைச்சலை மட்டும் வைத்து அளக்கக் கூடாது.

இங்கு ஓய்வுபெறும் வயது 2022இல் 63 ஆனது. 2026 ஜூலையில் அது 64 ஆகிறது. நாற்பது ஆண்டுகள் கடிகாரத்தைப் பார்த்து ஓடியவருக்குத் திடீரென்று நாள் முழுவதும் வெறுமையாகிவிடும். செடி அந்த வெறுமையைப் போக்கும். காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். களை பறிக்க வேண்டும். இலையின் அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமக்காக ஒரு வேலை காத்திருக்கிறது என்ற எண்ணமே முதியவரை வீட்டைவிட்டு வெளியே வரச் செய்யும்.

அதைவிட முக்கியமானது துணை. பல ஆண்டுகளுக்குப் பிறகு கிராமத்திற்குத் திரும்புபவருக்கு அங்கே பழைய நண்பர்கள் இல்லாமல் போகலாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் கடந்து இருப்பார்கள். உடல்நலம் குன்றினால் யார் உதவுவார்கள்? சமூகத் தோட்டத்திலோ அக்கம்பக்கத்தினர் உடன் இருப்பார்கள். தமிழ்ப் பாட்டி கறிவேப்பிலையைப் பறித்துக் கொடுப்பார். மலாய் அண்டைவீட்டார் பாண்டான் இலையைத் தருவார். சீன முதியவர் கங்கோங் கீரை வளர்க்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பார். பேரப்பிள்ளைகளும் பள்ளி முடிந்து வந்து தண்ணீர் ஊற்றலாம். தாத்தா பாட்டிக்குத் தெரிந்த பயிர்களின் பெயர்களும் பயன்களும் அப்போது அவர்களைச் சென்றடையும்.

இதில் சிக்கல்களே இல்லை எனக் கூற முடியாது. காய்த்ததை யாராவது பறித்துச் செல்லலாம். தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் டெங்கிக் கொசு பெருகும். வீட்டு வாசலில் தொட்டிகளை அடுக்கினால் நடைபாதை அடைபடும், அங்கே 1.2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. ஆனால், இவை தீர்க்க முடியாதவை அல்ல. நீரை உடனுக்குடன் கொட்டிவிடுவதும், விதியை மதிப்பதும், விளைந்ததைப் பகிர்ந்து உண்பதும் நல்ல தோட்டக்காரரின் கடமைகள்.

கிராமத்தில் நிலமும் உறவும் உள்ளவர்கள் அங்கே செல்வதில் தவறில்லை. மற்றவர்கள் அந்தக் கனவிற்காக இன்றைய நாள்களை வீணாக்க வேண்டியதில்லை. ஓய்வுக்காலத்தில் ஒருவருக்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. விதைப்பதற்கு ஒரு பாத்தியும், விளைந்ததைப் பகிர்ந்துகொள்ள நாலு பேரும் இருந்தால் போதும்.