தூதரக வாசலில் தம்பதியர்

கணவர் அயல்நாட்டிலிருக்க, குடியேற்ற விசாவுக்காக மனைவி கண்டியிலிருந்து கொழும்புத் தூதரகத்துக்கு நேர்முகங் காணச் செல்வது இன்று வழமையாகிவிட்டது. இத்திருமணம் மெய்யானதா என்று அங்கே வினவுவர். வினவுவதிற் குற்றமில்லை, பொய்த் திருமணங்களும் உள. ஆயின் பத்திரத்தில் இல்லாத இல்லறம் இல்லறமேயன்று எனத் தீர்ப்பதை யாம் ஏற்றல் இயலாது.

மலைநாட்டார் இதனை முன்னரே பட்டறிந்தவர்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, மணமானவர் 1946 சனவரிக்கு முந்திய 7 ஆண்டுகள் இடையறாது இலங்கையில் வசித்திருத்தல் வேண்டும். அது போதாதென்று மனைவியின் வாசத்தையும் நிரூபித்தல் வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு நாடி இந்தியா போய்வந்தவளின் பயணமே அக்குடும்பத்துக்கு வினையாகக்கூடும். என்னே சட்டம்! தாய்வீடு போகாத தமிழ்ப்பெண் யாண்டுளள்?

பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் திகதி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தை நாடி நடந்தோர் எத்தனை பேர்! அண்ணன் தலைமன்னாரிற் கப்பலேற, தம்பி தேயிலை மலையிலேயே தங்கினான்.

துணைவர் உடன் வந்திருப்பின் இருவரையும் ஒருங்கே அமர்த்தி விசாரிப்பதே முறை. மறுப்பதாயின் காரணத்தை விளங்கும் மொழியில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். இவை தூதரகங்கள் செய்யவேண்டியவை. நம்மால் ஆவதும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், விவாகப் பத்திரத்தில் வேறொரு பெயர் என அல்லற்படுவோர் தோட்டங்களில் இன்றும் உளர். சட்டந் தெரிந்த பழைய மாணவர்கள், அவற்றைத் திருத்துவிக்க மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கலாகாதா?