ஒரு டிஎல்எல் காணாமப் போனதுக்கு முழு மெஷினையும் அழிக்கணுமா?

போன செமஸ்டர் கடைசியில எங்கள்ல ஒருத்தி, ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுறதுக்காக நண்பனின் பென்டிரைவில இருந்து ஒரு மென்பொருளை ஃபோல்டரா கொப்பி பண்ணினாள். திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி: எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்கவில்லை. மத்ததெல்லாம் நல்லா வேலை செய்தது. வெள்ளவத்தையில ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் பெட்டியை முழுசா வாசிக்கக்கூட இல்லை. "தங்கச்சி, வின்டோஸ் பழுது. ஃபோர்மட் அடிச்சாத்தான் சரி." 3,000 ரூபா. கொட்டாஞ்சேனையில ஆறு முதியவர்களோட பேசி எடுத்த பதிவுகள் டெஸ்க்டொப்பில இருந்தன. எல்லாம் போச்சு. அந்த ஆறு பேர்ல ஒரு அம்மம்மா இப்ப உயிரோட இல்லை.

பக்அப் எடுக்கலையா எண்டு கேப்பீங்க. எடுக்கலை, அது எங்கட பிழை. ஆனா ஃபோர்மட் அடிச்ச மெஷின்ல அதே மென்பொருளைத் திரும்பப் போட்டப்போ என்ன வந்தது தெரியுமா? அதே பெட்டி, அதே 140.

ஏனெண்டால் பழுதானது வின்டோஸே இல்லை. டிஎல்எல் எண்டது பல மென்பொருட்கள் பொதுவாப் பாவிக்கிற கோப்பு. இந்தக் குறிப்பிட்ட கோப்பு மைக்ரோசொஃப்டின் விஷுவல் சி++ ரன்டைம் பொதியோட வருது. புதுசாப் போட்ட வின்டோஸில தானா இருக்காது. வழமையா மென்பொருளின் இன்ஸ்டோலர்தான் அதைக் கொண்டு வரும், ஃபோல்டரா கொப்பி பண்ணினா வராது. பொதி மைக்ரோசொஃப்ட் தளத்திலேயே இலவசம். எக்ஸ்86, எக்ஸ்64 எண்டு ரெண்டு இருக்கு, ரெண்டையும் போடுங்க. எங்களுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகலை. மென்பொருளைத் திரும்ப நிறுவிப் பாருங்க எண்டு அந்தப் பெட்டியே சொல்லுது. ஆங்கிலத்தில சொல்லுறதால நாங்க பயந்து மூடிடுறோம்.

வின்டோஸின் சொந்தக் கோப்பே கெட்டிருந்தாலும் ஃபோர்மட் கடைசி வழிதான். கொமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் எண்டு ஆங்கிலத்தில அடிச்சா, கெட்ட கோப்புகளைத் தேடி மாத்தும்.

ஒற்றை டிஎல்எல்லை இலவசமாத் தாற தளங்கள் இதைவிட மோசம். பதிப்பு பொருந்தாமப் போகலாம். வைரஸ் இருந்தா, அந்த மென்பொருளுக்கு என்ன அனுமதி இருக்கோ அதே அனுமதியோட அதுவும் ஓடும். நாங்களும் யோக்கியம் இல்லை. கிராக் பண்ணின ஃபோட்டோஷொப்பில மாத்தி வச்ச டிஎல்எல்லை அன்டிவைரஸ் தூக்கினதும், "காணவில்லை" எண்டு கத்துறது நாங்கதான்.

"நாங்க ஆர்ட்ஸ், இதெல்லாம் மெத்ஸ் பிள்ளைகளுக்கு" எண்ட கதையும் வேண்டாம். எங்கட எழுத்தே ஒரு டிஎல்எல்ல தொங்கிக்கொண்டிருந்த காலம் இருக்கு. வின்டோஸ் எக்ஸ்பியில யுனிகோட் தமிழை ஒழுங்காக் காட்டினது யுஎஸ்பி10.டிஎல்எல். ரீஜனல் செட்டிங்ஸில ஒரு சின்னக் கட்டத்தில சரி போடாட்டி, 'கை' எண்டு எழுதினா கொம்பு முன்னுக்கு வராமப் பின்னுக்கு நிக்கும். யுனிகோட் சரிவராது எண்டு முடிவு கட்டி பாமினியிலேயே இருந்தவங்க எத்தனை பேர்! அந்தக் கட்டத்தை யாரும் காட்டித் தரலை.

கடைக்காரர் எல்லாரும் கள்ளர் எண்டு நாங்க சொல்லலை. ஃபோர்மட் அடிக்கிறது அவருக்கு லேசு, காசும் நிச்சயம். எது காணாமப் போச்சு எண்டு தேடுறதுக்கு யாரும் காசு குடுக்கிறதில்லை. அதனால அடுத்த முறை மெஷினைக் குடுக்க முதல் கேளுங்க: எந்தக் கோப்பு இல்லை? அது எந்தப் பொதியோட வருது? அவர் பதில் சொல்லாட்டி, பெட்டியை ஃபோன்ல படம் எடுத்துக்கொண்டு மெஷினோட வீட்ட வாங்க.