பழுதானதெல்லாம் பாழானதா?

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. பாட்டனார் இளமையில் செய்வித்த தேக்கு நாற்காலி அது. சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் அமர்ந்தவுடன் கித்தான் கிழிந்தது, பின்சட்டமும் பிளந்தது. நல்லவேளையாக அவருக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் அன்று முதல் அவர் திண்ணைக்கே வரவில்லை. தெருவில் போவோர் வருவோரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தவர் உள்ளறைப் பாயில் முடங்கிவிட்டார்.

"விறகுக்குப் போட்டுவிடலாம், புதிதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொள்வோம்" என்றார் என் தந்தை. அவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலைத் தொழிலாளி. பழைய இரும்பு உலையில் உருகிப் புதுக் கம்பியாவதை நாள்தோறும் காண்பவர். பழையதை அழித்துப் புதியதைப் படைப்பது அவருக்கு இயல்பாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். சுமார் 1500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும் இரும்புக்கு மறுபிறவி உண்டு. மரத்தை எரித்தால் மிஞ்சுவது சாம்பல்தான். தோட்டத்தில் வளர்க்கும் தேக்கு முதிர்வதற்கே 50 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டு வளர்ந்ததை அரைமணி நேர அடுப்புக்குக் கொடுப்பது சிக்கனம் ஆகுமா?

தச்சரைத் தேடினேன். 1971-இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் தொழில் வளாகம் எங்கள் பகுதிக்கு வந்தபின் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அதை நான் மறக்கவில்லை. ஆயினும் ஊர்த் தச்சர் இன்று அங்கே சரக்கு அனுப்பும் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். "இழைப்புளியைத் தொட்டே பல வருஷமாச்சு, தம்பி" என்றார்.

பிளவில் பசை செலுத்திக் கயிற்றால் இறுகக் கட்டினார். அடுத்த ஞாயிறன்று குறுக்கே துளையிட்டு மூங்கில் ஆணி இறக்கினார். துருவேறிய மரையாணிகளை மாற்றினார். சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் வெட்டுகளைச் சீராக்கினார். நான் உப்புத்தாளால் தேய்த்தேன். தையற்காரர் கித்தானின் இரு முனைகளையும் மடித்து இரட்டைத் தையலிட்டுத் தந்தார். அம்மடிப்புகளில் உருட்டுக் கழிகளைச் செருகினோம். பொருளியல் வகுப்பில் 'தேய்மானம்' பற்றிப் படித்திருக்கிறேன். தேய்ந்ததை மீட்கும் கைகளை அன்றுதான் கண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூலியும் கித்தானும் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் விலைக்குக் குறையவில்லை. ஆனால் அந்தப் பணம் நம்மூர்த் தச்சருக்கும் தையற்காரருக்கும் போயிற்று. மறுநாள் காலை பாட்டனார் தாமாகவே எழுந்து திண்ணைக்கு வந்தார். இதற்கு எந்தக் கடையில் விலை கேட்பது?

பழுதுபார்த்தல் ஏழைமையின் அடையாளம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உலகமோ அதனை உரிமையாகக் கேட்கிறது. 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய ஒரு குழு அமைத்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கென ஒரு சட்ட நெறியையே இயற்றியது. உரிமை சட்டத்தால் வரலாம்; அதைப் பயன்படுத்தும் கைகள் எங்கிருந்து வரும்?

மாணவ நண்பர்களே! நம் வகுப்பறைகளில் கால் ஆடும் விசுப்பலகைகள் எத்தனை? கொல்லைப்புறத்தில் மழையில் நனையும் நாற்காலிகள் எத்தனை? 1969-இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாமொன்றை இவற்றுக்கென ஒதுக்கலாகாதா? தச்சரை ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியமும் தந்து, நாம் மாணவராக அமர்வோம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிசெய்ய வேண்டுகிறேன். உப்புத்தாளுடன் முதல் ஆளாக நான் வருகிறேன்.